நட்பும் மனமாற்றமும்: கத்தோலிக்கர், சுவிசேஷ சபையினர் உறவு பற்றிய சில சிந்தனைகள்

எமது நாட்டுப் பாடசாலைகளிற் கத்தோலிக்கம் என்றொரு பாடமும் கிறிஸ்தவம் என்றொரு பாடமும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இரண்டிற்கும் வெவ்வேறு வினாத்தாள்கள் உள்ளன. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளிலும் ரோமன் கத்தோலிக்கர் ஒரு நிரலிலும் ஏனைய கிறிஸ்தவர் மற்றொரு நிரலிலும் எண்ணப்படுகின்றனர். 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி முன்னவர் நூற்றுக்கு ஆறு பேரளவினர். பின்னவர் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைந்தவர். இப்பாகுபாடு பேச்சு வழக்கிலும் ஊறிவிட்டது. கலியாணப் பேச்சின்போது "அவை கிறிஸ்தவமோ, கத்தோலிக்கமோ?" என்று விசாரிக்கும் உறவினர், தாம் கேட்கும் வினாவில் யாதேனும் முரண்பாடு உண்டென்று ஒருபோதும் எண்ணுவதில்லை. ஒரே மீட்பரை வணங்குவோரென வெளியிலிருந்து நோக்குபவர் கருதும் இரு சாரார், ஆறு வயதுப் பிள்ளையின் பாடப்புத்தகத்திலேயே இரு வேறு சமயத்தவராகிவிடுகின்றனர்.

இவ்விரு சாராருக்கிடையில் நட்பும் ஒற்றுமையும் வளர்தல் வேண்டும் என்பதை மறுப்பவர் இன்று அரியர். மேடைகளில் அது அடிக்கடி சொல்லப்படுகின்றது. ஆயினும் அந்நட்பு எத்தகையது, அதற்கு எதனை விலையாகக் கொடுத்தல் வேண்டும் என்பன ஆராயப்படுவது குறைவு. இக்கட்டுரை அவ்விலையைப் பற்றியது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் அனைவரையும் ஒருசேரக் கருதி இங்கு பேசவில்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை முதலிய பழைய சபைகளுடன் கத்தோலிக்கர் கொண்டுள்ள உறவு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய தன் ஏட்டினை வெளியிட்ட பின்னர் பெரிதும் சீரடைந்துள்ளது. பிரிந்த சகோதரர் என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. பழைய வசைச்சொற்கள் மறைந்தன. இன்று சிக்கல் மிகுந்திருப்பது வேறோர் இடத்தில். பெந்தகோஸ்தே சபைகள், அசெம்பிளிகள், வீட்டுக்கூடங்களிலும் வாடகை மண்டபங்களிலும் கூடும் சுயாதீன சபைகள் ஆகியவற்றுக்கும் கத்தோலிக்கப் பங்குகளுக்கும் இடையிலேயே அது இருக்கின்றது. பழைய சபைகளுக்குள்ளும் இதே மனப்பாங்குடையோர் உளர். இவர்களையே சுவிசேஷ சபையினர் என இங்கு குறிப்பிடுகின்றேன்.

சிக்கலின் வேர் மரியன்னை வணக்கத்திலோ சுரூபங்களிலோ இருப்பதாகப் பலர் கருதுவர். அவை வெளியே தெரியும் கிளைகள். வேர் இன்னும் ஆழத்தில் உள்ளது. ஒருவர் கிறிஸ்தவராவது எப்போது என்னும் வினாவே அது. குழந்தைக்கு அளிக்கப்படும் ஞானஸ்நானத்திலேயே இறையருள் அவ்வுயிரில் ஊன்றப்பட்டுவிடுகின்றது என்பது கத்தோலிக்கர் கொள்கை. பின்னர் அவர் எத்துணை அசட்டையாக வாழ்ந்தாலும் அவர் திருச்சபையின் பிள்ளையே. சுவிசேஷ சபையினருக்கோ, ஒருவர் தம் பாவத்தை உணர்ந்து தாமே முன்வந்து கிறிஸ்துவை ஏற்கும் நாளே பிறந்த நாள். அந்த நாள் வராத ஒருவர் எந்தப் பதிவேட்டிற் பெயர் உடையவராயினும் இன்னும் வெளியே நிற்பவரே. இதனால் நேர்வது யாது? கத்தோலிக்கக் கிராமம் ஒன்று சுவிசேஷ ஊழியர் ஒருவரின் கண்ணுக்கு அறுவடைக்குக் காத்திருக்கும் வயலாகத் தோன்றுகின்றது. அவ்வூழியர் பங்குத்தந்தையின் கண்ணுக்கு மந்தை திருட வந்தவராகத் தோன்றுகின்றார். இருவரும் தத்தம் நம்பிக்கைக்கு உண்மையாக நடப்பதனாலேயே ஒருவருக்கொருவர் பகைவராகின்றனர். இருவருள் ஒருவர் கபடராக இருந்திருப்பின் சிக்கல் எளிதாகத் தீர்ந்திருக்கும்.

எனவே ஆராய வேண்டிய அறவியல் வினா இதுவாகும்: தன் நண்பனின் நம்பிக்கையை மாற்ற விரும்புபவன் அவனுக்கு நண்பனாக இருத்தல் கூடுமா?

இவ்வினா கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. இச்சஞ்சிகையின் வாசகருட் பெரும்பாலானோர் சைவர். அவர்களுக்கு இதன் கூர்மை நன்கு தெரியும். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுகநாவலர், அப்பணியில் இருந்தபோதே 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் மிசன் பாடசாலையை விட்டு நீங்கினார். ஒரு சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் எதுவெனத் தேடி ஒரே மேசையில் இருந்த இருவருள் ஒருவர் மதம் பரப்ப வந்தவர். மற்றவர் அதனைத் தடுத்து நிறுத்தப் போகின்றவர். அந்த மேசையில் நிலவியது நட்பா, தொழிலுறவா என்று இன்று நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் அத்தகைய மேசை ஒன்று இருந்ததென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையினருக்கும் இடையே அத்தகைய மேசை ஈழத்தில் நெடுங்காலம் இருக்கவில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்து, ஊர்தோறும் தம் கோவில்களைக் கட்டினர். பதவியும் சலுகையும் திருமுழுக்குப் பெற்றவரை நாடி வந்தன. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அக்கோவில்களையே தம் தேவாலயங்களாகவும் பாடசாலைகளாகவும் ஆக்கினர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் யாசகர் வேடத்திலேயே யாழ்ப்பாணத்துட் புக வேண்டியிருந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவ அரசு துரத்திய அக்குருவானவருக்கு இறுதியிற் பாதுகாப்பளித்தவர் பௌத்தரான கண்டி மன்னர். இந்நாட்டுக் கிறிஸ்தவர் இருசாராரும் தம் பிள்ளைகளுக்கு இன்னும் சற்று உரக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டிய செய்தி இது. வாஸ் அடிகள் 2015ஆம் ஆண்டு யனவரி 14ஆந் திகதி கொழும்பிற் புனிதராக உயர்த்தப்பட்டபோது கத்தோலிக்கர் அவரைத் தம் அப்பொஸ்தலராகக் கொண்டாடினர். அவரைத் துரத்தியவர் யாவர் என்னும் நினைவும் அக்கொண்டாட்டத்தினுள் உறைந்திருந்தது.

எழுத்துலகிலும் இதுவே நிலை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே தரங்கம்பாடி லுத்தரன் மிசனரிமாரை எதிர்த்துப் பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய கண்டன நூல்களையும் எழுதினார். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றிற் கிறிஸ்தவர் தம்முள் இட்ட சண்டைக்கும் ஒரு பங்குண்டு என்பது வேடிக்கையான உண்மை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் 1841இல் உதயதாரகையைத் தொடங்கியது. கத்தோலிக்கர் 1876இற் சத்தியவேத பாதுகாவலனைத் தொடங்கினர். பின்னையதன் பெயரை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட வேண்டிய வேதம் ஒன்று உண்டெனின், அதனைத் தாக்குவோரும் எங்கோ அருகில் இருத்தல் வேண்டும் அல்லவா?

இத்தகைய பின்னணியை உடையோருக்கு எளிதாகத் தோன்றும் வழி, கொள்கை வேறுபாட்டைப் பற்றிப் பேசாதிருத்தல். "எல்லாம் ஒன்றுதானே, எல்லோரும் ஒரே ஆண்டவரைத்தானே கும்பிடுகிறோம்" என்று சொல்லித் தேநீர் அருந்திக் கலைவது. இதில் நற்பண்பு உண்டு; வீதியிற் கல்லெறிவதிலும் இது எவ்வளவோ மேலானது. ஆனால் இதனை நட்பு எனல் பொருந்தாது. ஒருவர் தம் உயிரினும் மேலாகக் கருதும் ஒன்றைப் பற்றி அவரோடு பேச மறுப்பது, அவரை வாசலில் நிறுத்திவைத்து உபசரிப்பது போன்றது. வள்ளுவர் நட்பின் கடமைகளுள் இடித்துரைத்தலையும் சேர்த்தே வைத்தார். நண்பனின் நன்மையை அவன் பொருட்டே விரும்புதலை நட்பின் இலக்கணமாகக் கொண்டார் அரிஸ்தோத்தில். எனது நண்பன் பெரும் நன்மை ஒன்றை இழந்து நிற்கின்றான் என நான் மெய்யாகவே நம்பினால், அதனை அவனிடம் மறைத்து வைப்பது எவ்வகையில் அன்பாகும்? இவ்வகையில் நோக்குமிடத்து, சுவிசேஷ ஊழியரின் ஆர்வத்தை நட்புக்கு முற்றிலும் புறம்பானதெனத் தள்ளிவிட முடியாது.

பல்கலைக்கழக விடுதியில் வாழ்ந்தோர் இதனை வேறோர் உருவத்தில் அறிவர். ஓர் அறையிற் சேர்ந்திருக்கும் இருவருள் ஒருவர் மார்க்சியவாதியாயின், மற்றவரை மாற்றாமல் அவருக்கு நித்திரை வராது. இரவிரவாக விவாதம் நடைபெறும். புத்தகங்கள் தலையணைக்கருகில் வைக்கப்படும். மாற்றப்பட வேண்டியவரோ அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. தம்மைச் சிந்திக்கத் தக்கவராக மதித்ததன் அடையாளமாகவே கொள்கின்றார். நான்கு ஆண்டுகளின் பின்னர் இருவரும் தத்தம் கொள்கையுடனேயே வெளியேறுவர். நட்பு மட்டும் எஞ்சியிருக்கும். வற்புறுத்தலின்றி வாதிடுவது நட்பைக் கெடுப்பதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் கெடுப்பது எது? அறை நண்பர் நோயுற்றுக் கிடக்கையில் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொள்கை பேசுவது. அவரது தந்தை இறந்த வாரத்தில், கலங்கிய உள்ளத்தைக் கருவியாக்குவது. கடன் கொடுத்துவிட்டுக் கூட்டத்திற்கு அழைப்பது. இவ்விடங்களில் நாம் அவரது அறிவுடன் பேசுவதை நிறுத்திவிட்டு அவரது பலவீனத்துடன் பேரம் பேசத் தொடங்குகின்றோம். இது சுவிசேஷ சபையினர் மீது பெரிதும் சாட்டப்படும் குற்றம்; 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிய கடற்கோளின் பின்னர் கரையோரங்களில் மிகுதியாகக் கேட்ட குற்றச்சாட்டும் இதுவே. அதனை முற்றாக மறுக்க எவராலும் இயலாது. எனினும் கத்தோலிக்கர் இக்குற்றச்சாட்டைக் கூறும்போது தம் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. போர்த்துக்கேயர் காலத்துத் திருமுழுக்குகளுள் எத்தனை அறிவுடன் பேசிப் பெறப்பட்டவை? பசித்தவனுக்குச் சோற்றுடன் வேதத்தையும் சேர்த்துப் பரிமாறிய குற்றம் எமது நாட்டில் எந்தவொரு சபைக்கும் தனியுடைமையன்று.

இன்னொன்றும் இங்கு கூறப்படல் வேண்டும். ஏழை ஒருவர் சபை மாறினால் உடனே அரிசிக்காக மாறினார் என்கின்றோம். படித்தவர் மாறினால் ஆராய்ந்து மாறினார் என்கின்றோம். அவ்வேழைக்கு ஆராயும் மனம் இல்லையென எமக்குச் சொன்னவர் யார்? பங்கில் எவரும் பெயர் சொல்லி அழைத்திராத மீன்பிடித் தொழிலாளி ஒருவர், ஐம்பது பேர் கொண்ட சிறு கூடத்தில் முதன்முறையாகத் தம் பெயர் சொல்லிச் செபிக்கக் கேட்டபோது அங்கேயே தங்கிவிட்டாராயின், அவரை வாங்கிவிட்டனர் என்பது அவரையும் இழிவுபடுத்துவதாகும். பங்குத்தந்தை அவ்வேளையிற் கேட்க வேண்டிய வினா ஊழியரைப் பற்றியதன்று. தம் பங்கைப் பற்றியது.

ஆகவே மாற்ற விரும்புதல் நட்பைக் குலைப்பதில்லை. அவ்விருப்பம் கையாளும் வழியும், அது தோல்வியுற்றபின் நடந்துகொள்ளும் முறையுமே நட்பை அளக்கும் கோல்கள் எனலாம். சுவிசேஷ சபையினருக்கான சோதனை மறுக்கப்படும் வேளையில் வருகின்றது. "வேண்டாம், நான் என் கோவிலிலேயே இருப்பேன்" என்று அயலவர் இறுதியாகச் சொன்ன பின்னரும் அவ்வீட்டுப் படியேறி நலம் விசாரிக்க அவராற் கூடுமா? கூடாதெனின் அவர் தேடியது நண்பரை அன்று. கத்தோலிக்கருக்கான சோதனை விட்டுப்போகும் வேளையில் வருகின்றது. தம் மகனோ மருமகளோ கோவிலை நீங்கிச் சபையிற் சேர்ந்த பின்னரும் அவரைத் தம்மவராகக் கருத அவராற் கூடுமா? கூடாதெனின் அவர் இதுவரை காட்டியது அன்பன்று, உரிமை கொண்டாடல். இவ்விரு சோதனைகளுள் இரண்டாவதே கடினமானது என்பது என் கருத்து. கிடைக்காததை விட்டுக்கொடுப்பதிலும் கையிலிருந்ததை விட்டுக்கொடுப்பது மனிதருக்கு அரிது.

உலக அரங்கில் இதனை உணர்ந்து செயற்பட்டோர் உளர். 1977இல் வெனிசிலும் 1982இற் கேம்பிரிட்ஜிலும் 1984இற் பிரான்சின் லாண்டெவென்னக்கிலும் கத்தோலிக்கரும் சுவிசேஷ சபையினரும் கூடி, மறைபரப்புப் பற்றிப் பேசினர். ஜோன் ஸ்ரொட் அவர்கள் அதில் முன்னின்றவர். சாட்சி பகர்வதற்கும் தகாத முறையில் ஆட்சேர்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும் அவர்கள் ஆராய்ந்தனர். 1994இல் அமெரிக்காவிற் சார்ள்ஸ் கோல்சன், ரிச்சட் ஜோன் நியூகவுஸ் ஆகிய இருவரும் முன்னின்று, சுவிசேஷ சபையினரும் கத்தோலிக்கரும் இணைந்து என்னும் கூட்டறிக்கையை வெளியிட்டனர். ஒருவர் மந்தையை மற்றவர் குறிவைத்தல் தகாதென அது கூறியது. உடனே சுவிசேஷ சபையினருள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது: விசுவாசத்தினால் மட்டும் நீதிமானாக்கப்படுதல் என்னும் கொள்கையை மழுப்பிவிட்டனர் என்று ஆர்.சி. ஸ்புறூல் போன்றோர் கண்டித்தனர். அக்கண்டனத்தை நான் குறுகிய மனம் என்று தள்ளமாட்டேன். கொள்கையிற் பிடிப்புள்ளவர் கொள்கையைப் பற்றிக் கவலைப்படுவது இயல்பே. 1999இல் லுத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் இதே கொள்கை பற்றிக் கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டன. பின்னர் மெதடிஸ்தரும் சீர்திருத்த சபையினரும் அதில் இணைந்தனர். சுயாதீன சுவிசேஷ சபைகளுக்கு அவ்வாறு கையொப்பமிடத் தலைமைப்பீடம் எதுவும் இல்லை. இங்கு ஒற்றுமை என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் தேடப்பட வேண்டியதொன்று.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் இதனை நன்கறிந்திருந்தார் எனத் தோன்றுகின்றது. அவர் புவனெஸ் அயர்ஸ் பேராயராக இருந்தபோது, 2006இல் விளையாட்டரங்கு ஒன்றில் நடந்த கூட்டத்தில், சுவிசேஷப் போதகர்கள் தம் தலைமீது கைவைத்துச் செபிக்கும்படி முழந்தாளிட்டார். தம்மவர் சிலர் அவரை வசைபாடினர். 2014இற் பாப்பரசராக இத்தாலியின் கசேர்த்தா நகருக்குச் சென்று, தம் பழைய நண்பரான பெந்தகோஸ்தே போதகர் ஒருவரின் சபையைச் சந்தித்தார். முசோலினி காலத்துச் சட்டங்களின் கீழ்ப் பெந்தகோஸ்தே சபையினரைத் துன்புறுத்தியதிற் கத்தோலிக்கருக்கு இருந்த பங்கிற்காக மன்னிப்புக் கேட்டார். அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டன. இப்பயணமோ ஒரு நண்பரைப் பார்க்கப் போனதிலிருந்து பிறந்தது.

எமது நாட்டுக்கு வருவோம். இங்கு இவ்விரு சாராரையும் அருகே கொணர்ந்தது பெரும்பாலும் அச்சமே. 2001இலும் 2003இலும் இரு சுவிசேஷ அமைப்புகளைச் சட்டத்தாற் கூட்டிணைப்பதற்கான மசோதாக்கள் உயர் நீதிமன்றத்தின் முன் தோல்வியுற்றன. கத்தோலிக்கருட் சிலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதே 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியரின் மசோதாவும் அதே கதியை அடைந்தது. மதத்தைக் கைக்கொள்ளும் உரிமை உண்டு, பரப்பும் உரிமை அவ்வாறு பாதுகாக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். நீண்டகாலமாகப் பாடசாலைகளும் மருத்துவப் பணியும் நடத்திய கத்தோலிக்கக் கன்னியரும், வாடகை மண்டபத்திற் செபிப்போரும் அத்தராசில் ஒரே நிறையினர். (ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இற் கன்னியருக்குச் சார்பாகக் கருத்துத் தெரிவித்தது.) 2004இல் மதமாற்றத் தடை மசோதா வந்தபோது கத்தோலிக்க ஆயர்களும் சுவிசேஷ சபையினரும் ஒரே பக்கத்தில் நின்று எதிர்த்தனர்.

பின்னர் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி வந்தது. உயிர்த்த ஞாயிறு காலையிற் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களில் இறந்தோரையும் சேர்த்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னைய இரண்டும் கத்தோலிக்கக் கோவில்கள். மூன்றாவது சுவிசேஷ சபை. மட்டக்களப்பிற்கு வந்தவன் முதலிற் குறிவைத்தது கத்தோலிக்கப் பேராலயத்தை என்றும், அங்கு பூசை முடிந்துவிட்டமையாற் சீயோனை நாடினான் என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறின. பாடப்புத்தகமும் குடிசன மதிப்பீடும் இரண்டாகப் பிரித்தவரைக் கொலைஞன் ஒன்றாகக் கண்டான். சீயோனில் இறந்தோருட் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள்.

அந்நாட்களில் ஒற்றுமை பற்றி நிறையப் பேசப்பட்டது. அதனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாற் பொது ஆபத்தினாற் பிறக்கும் நெருக்கம், ஆபத்து நீங்கியதும் தளர்வது இயற்கை. மழைக்கு ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியவர் மழை விட்டதும் தத்தம் வழியே போவதை ஒத்தது அது. கூட்டாகக் கொல்லப்படுதல் நட்பை உண்டாக்குவதில்லை. நட்புக்கான ஒரு தருணத்தை மட்டுமே தருகின்றது.

சொற்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். தமிழகத்திற் கத்தோலிக்க அறிஞரும் சீர்திருத்த சபை அறிஞரும் பல்லாண்டுகள் ஒன்றாக உழைத்து, 1995இல் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அரும்பணி அது. ஆனால் நடந்தது யாதெனில், கத்தோலிக்கர் அதனைத் தம் வழிபாட்டில் ஏற்றனர். சுவிசேஷ சபையினரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய மொழிபெயர்ப்பையே இன்றும் கையில் வைத்திருக்கின்றனர். 'கர்த்தர்' என்று சொல்லித் தாயின் மடியிற் செபிக்கக் கற்றவருக்கு 'ஆண்டவர்' என்பது அயலார் வீட்டு விளக்காகவே தோன்றுகின்றது. இதனைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அறிஞர் ஒரு மேசையில் இருந்தனர் என்பதே பெரிது. வீடுகளில் அம்மேசை இன்னும் போடப்படவில்லை என்பதே உண்மை.

மேலே கூறிய இரு சோதனைகளும் ஒரே முற்றத்தில் ஒன்றாக வந்ததை ஒருமுறை நேரிற் கண்டேன். வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்று, முழுவதும் கத்தோலிக்கர். அங்கு வயோதிப மாது ஒருவர் இறந்தார். மூத்த மகன் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே கோவிலை விட்டுச் சபையொன்றிற் சேர்ந்தவர். அன்று தொடக்கம் சகோதரர் அவருடன் பேசுவதில்லை. தாய் மட்டும் பின்வளவு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார். பிரேதம் வீட்டில் வைக்கப்பட்டிருந்தது. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். மகன் வந்து வேலியோரத்தில் நின்றார். இறந்தோருக்காகச் செபிப்பது அவருடைய நம்பிக்கைக்கு மாறானது. ஆதலால் உள்ளே வந்து முழந்தாளிட அவரால் இயலவில்லை. செபிக்காதவன் பெட்டியைத் தொடவும் கூடாதென்று இளையவர் உரக்கச் சொன்னார். அதை மறுத்துப் பேச அங்கு எவரும் இருக்கவில்லை. மகனுடன் வந்திருந்த போதகரும் செய்வதறியாது மதகில் அமர்ந்திருந்தார்.

பங்குத்தந்தை வந்ததும் விடயம் அவர் காதிற் போடப்பட்டது. அவர் உள்ளே போகாமல் நேரே வேலியோரத்திற்குப் போனார். "தம்பி, அம்மாவுக்கு விருப்பமான வசனம் ஏதும் உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "ஓம் சுவாமி, ஆயனைப் பற்றின சங்கீதம். பின்வளவுக்கு வரேக்கை என்னைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேக்கிறவ" என்றார். "அப்ப இண்டைக்கும் நீர்தான் வாசிக்கவேணும். உம்மடை புத்தகத்திலையே வாசியும்."

அவர் தம் புத்தகத்திலேயே, தம் சபையின் பழைய தமிழிலேயே வாசித்தார். சங்கீதம் முடிந்ததும் குரு வழமையான மன்றாட்டுக்களைத் தொடங்கினார். எல்லோரும் மறுமொழி சொன்னார்கள். மகன் சொல்லவில்லை. தலையைக் கவிழ்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு தாயின் காலடியில் நின்றார். அவர் சொல்லாததை எல்லோரும் கண்டனர். எவரும் எதுவும் கூறவில்லை. பெட்டி தூக்கப்பட்டபோது முன்புறத்தில் இளையவரும் மூத்தவரும் தோள் கொடுத்தனர். போதகர் மதகிலிருந்து எழுந்து கோவில் வாசல்வரை கூடவே நடந்து வந்து, வாசலில் நின்றுகொண்டார்.

முப்பத்தோராம் நாட் பூசைக்கு மூத்தவர் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். இளையவர்தான் இலை போட்டார்.